தூக்கிச் செல்லும் மாதிரி மலை ரயில்: அடிப்பலகைக்கு எந்தப் பொருள், எந்தச் சட்டகம்?

ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவர் கட்டணமில்லாமல் 40 கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம். பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். ஏசி மூன்றடுக்கில் இந்த அளவு இன்னும் சிறியது. ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டை, அதாவது தண்டவாளமும் மலையும் பாலமும் வைத்துச் சின்ன ரயில் ஓடவிடும் அமைப்பை, வடிவமைக்க உட்கார்ந்தபோது முதலில் நோட்டில் எழுதியது இந்த எண்களைத்தான். நான் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா வீடு கோவையில். அக்கா பிள்ளைகளுக்கு முன்னால் அந்த ரயில் ஓட வேண்டும் என்பதுதான் இத்தனை வேலைக்கும் காரணம். ஆகவே ஒரே ஆள் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்கவும், ரயில் சீட்டுக்கு அடியில் தள்ளிவைக்கவும் தோதாக, அந்த அமைப்பைத் தாங்கும் அடிப்பலகை எனக்கு வேண்டியிருந்தது.

வரம்புக்குள் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு பலகை 95 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டேன். 45 என்பது கையைத் தொங்கவிட்டுப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க முடிகிற அகலம். 60 செ.மீ. பலகை எடை குறைவாக இருந்தாலும் படியின் திருப்பத்தில் சுவரில் இடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவைத் தேர்ந்தெடுங்கள். எட்டுக்கு நான்கு அடி மேடையை எந்தப் பொருளில் செய்தாலும் அது தூக்கிச் செல்லும் மேடையாகாது.

நான் செய்ய நினைத்தது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கி, 1908-ல் உதகை வரை நீண்ட மீட்டர் கேஜ் பாதை. கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்ட் முறைப் பற்சட்டம் உண்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். பாதையின் ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி வரை போகிறது. எச்ஓஎம் எனப்படும் 1:87 அளவில், 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் மீட்டர் கேஜ் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இந்த அளவுக்கான தண்டவாளமும் பெட்டிகளும் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளை நினைத்துச் செய்யப்படுபவை. நீலகிரியின் பழைய எக்ஸ் ரக எஞ்சின்களும் அதே நாட்டின் விண்டர்தூர் பட்டறையில் பிறந்தவைதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இந்த ஏற்றத்தை அடிப்பலகைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 95 செ.மீ. பலகையில் 12.5-க்கு ஒன்று என்றால், ரயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் 7.6 செ.மீ. ஏறிவிடுகிறது. இரண்டு பலகைக்கு 15 செ.மீ.க்கு மேல். தட்டையான மேசை மாதிரி ஒரு பிளைவுட் தளம் போட்டு அதன்மேல் தண்டவாளம் பதிக்கும் வழக்கமான முறை இங்கே பாதி வேலைக்குத்தான் உதவும். ஹில்குரோ, ரன்னிமேடு நிலையங்களுக்கு இடையே ரயில் பாலத்தின் மேல் போகும்போது பள்ளம் கீழே இறங்க வேண்டும், மலை மேலே ஏற வேண்டும். கீழும் மேலும் இடம் தரும் சட்டம் வேண்டும்.

முதல் முயற்சியில் இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஓடு வேயப் பயன்படும் இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பரில் சட்டம் அடித்து, மேலே 12 மி.மீ. பிளைவுட்டை ஆணி வைத்துப் பொருத்தினேன். ரீப்பர் நன்றாக உலராத மரம். ஐப்பசி மழை முடிந்து பார்த்தபோது ஒரு மூலை 4 மி.மீ. தூக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இரண்டு பலகைகளைச் சேர்த்துவைத்தால் இணைப்பில் ஒரு தண்டவாளம் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் நின்றது. மாதிரி ரயிலின் சக்கர விளிம்பு சுமார் 1 மி.மீ. ஆழம்தான். மலை ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். இழுத்துப் போகும் ரயிலாவது சின்ன மேடு பள்ளத்தை எப்படியோ கடந்துவிடும். தள்ளப்படும் பெட்டி இணைப்பில் மாட்டினால் பக்கவாட்டில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது பெட்டி அதே இடத்தில் சாய்ந்தது.

அந்தப் பலகையைப் பிரித்துவிட்டு, பொருள் ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். கீழே வரும் எடைகள் எல்லாம் 95 × 45 செ.மீ. பலகை ஒன்றுக்கு, தண்டவாளமும் மலையும் ஏறுவதற்கு முன்.

ரீப்பர் சட்டமும் தடித்த பிளைவுட்டும்

நம்மூர் பிளைவுட்டின் அடர்த்தி கனமீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால், 12 மி.மீ. மேல்தளம் மட்டும் 3.3 கிலோ. சுற்றுச் சட்டமும் இரண்டு குறுக்குச் சட்டமும் சேர்ந்து இரண்டு முதல் இரண்டரை கிலோ. மொத்தம் ஆறு கிலோவை நெருங்கும். மலையும் பாலமும் ஏறினால் எட்டு, ஒன்பது. இரண்டு பலகையும் எஞ்சின் பெட்டியும் கன்ட்ரோலரும் சேர்ந்தால் ஒரு ஆளால் முடியாது.

இந்த முறை நீண்ட நாள் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எந்த ஆசாரியிடம் சொன்னாலும் படம் வரையாமலே செய்துகொடுப்பார். ஆணி, திருகு எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும். வீட்டின் ஒரு அறையில் நிரந்தரமாக இருக்கப்போகும் லேஅவுட்டுக்கு இதுவே போதும். அமெரிக்காவில் மாதிரி ரயில் பத்திரிகை ஆசிரியர் லின் வெஸ்ட்காட் 1960-களில் பரப்பிய எல்-கர்டர் (எல் வடிவில் ஒட்டிய மர உத்தரம்) முறையும் அறையை விட்டு அசையாத லேஅவுட்டுக்கானது. அதில் சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தி மாற்றலாம் என்ற வசதி உண்டு. தூக்கிச் செல்பவருக்கு அந்த வசதியால் பயனில்லை.

ஃபிளஷ் டோர்

வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் உள்ளே காலியான கதவு ஒன்றை வாங்கி அதன் மேலேயே ஒரு முழு லேஅவுட்டைக் கட்டிவிடுவார்கள். அங்கே கிடைக்கும் அந்தக் கதவு, இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டைத் தேன்கூடு வைத்தது. எடையும் குறைவு, வளையவும் வளையாது. அதைப் படித்துவிட்டு இங்கே கடைக்குப் போனால் கிடைப்பது பெரும்பாலும் நடுவில் மரக்கட்டை அடுக்கிய ஃபிளஷ் டோர். நமக்கு வேண்டிய அளவுக்கு 30 மி.மீ. கதவை அறுத்தால் அதுவே ஆறு கிலோ. நேராக நிற்கும், உறுதியாக இருக்கும், ஆனால் பள்ளம் வெட்ட முடியாது. எனக்கு இது வேண்டாம்.

பிவிசி ஃபோம் ஷீட்

சமையலறை அலமாரிக்கு இப்போது எல்லோரும் போடும் வெள்ளைப் பலகை. கரையான் தொடாது, தண்ணீரில் ஊறாது. சென்னையில் இந்த இரண்டும் சின்ன விஷயமில்லை. நானும் ஆசையோடுதான் போனேன். ஆனால் கையில் தூக்கினால் பார்வைக்குத் தோன்றும் அளவு லேசில்லை. வழக்கமான அடர்த்தியில் 12 மி.மீ. தளம் 2.8 கிலோ வரும். அது பிளைவுட்டைவிட அரை கிலோதான் குறைவு. அதைவிடப் பெரிய குறை, இது நாள்பட நாள்பட தன் எடைக்கே தொய்யும். தாங்கல் இல்லாத அலமாரித் தட்டு இரண்டு கோடைக்குப் பின் நடுவில் இறங்கி நிற்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். வெயில் ஏறினால் நீளமும் கூடும். 20 டிகிரி வித்தியாசத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மி.மீ.க்கு மேல் நீளும். தண்டவாளம் நீள்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அடிப்பலகைக்கு வேண்டாம். கட்டடங்கள் செய்ய மெல்லிய ஷீட் அருமையாக இருக்கும், அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அலுமினியம்

லேசு என்றவுடன் முதலில் தோன்றுவது அலுமினியம். இங்கேதான் எனக்குக் கணக்கு ஆச்சரியம் தந்தது. ஜன்னல் வேலைக்கு வரும் 50 × 25 மி.மீ. பெட்டிக்குழாய், 1.5 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 580 கிராம் சொச்சம். நம் சட்டத்துக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும், அதாவது இரண்டு கிலோ. மேலே 4 மி.மீ. பிளைவுட் போட்டால் இன்னொரு கிலோ. மூன்று கிலோவைத் தாண்டுகிறது. கீழே நான் சொல்லப்போகும் மெல்லிய பிளைவுட் சட்டம் இதைவிடக் குறைவு.

மற்றபடி நல்ல பொருள்தான். மழைக்கு அசையாது, முறுக்காது. தண்டவாளமும் அலுமினியமும் வெப்பத்தில் நீளும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பாலத்துக்கு அடியில் சட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வெட்ட வேண்டும் என்றால் வீட்டில் முடியாது. மூலை இணைப்பு ஒன்று கோணினால் மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும். வயர் கட்ட ஒரு திருகு போட வேண்டும் என்றாலும் முதலில் துளையிட வேண்டும். வருடத்துக்குப் பத்து முறை கண்காட்சிக்குப் போகும், பலர் கைபடும் பெரிய லேஅவுட் என்றால் அலுமினியம் செலவுக்குத் தகுந்த பலன் தரும். ஒரு ஆளுக்கு அல்ல. கால்களுக்கு மட்டும் நான் அலுமினியத்தைத்தான் எடுத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்பிஎஸ் ஃபோம்

மொட்டை மாடியில் சூடு இறங்காமலிருக்க ஓட்டுக்கு அடியில் பதிக்கும் கெட்டியான ஃபோம் பலகை இது. தெர்மாகோல் இல்லை. தெர்மாகோல் முத்து முத்தாக உதிரும், கத்தி போட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பறக்கும், விளிம்பு நொறுங்கும். எக்ஸ்பிஎஸ் ஒரே சீராக வெட்டுப்படும், தண்ணீரை உறிஞ்சாது.

எடையைப் பார்த்தால் நம்ப முடியாது. 50 மி.மீ. தடிமனில் நம் அளவுக்கு 700 கிராம்கூட வராது. மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை. அடுக்கடுக்காக ஒட்டி, நீளக் கத்தியால் சீவிக்கொண்டே போனால் மலைச்சரிவு தானாக வெளிப்படும். பர்லியார் பக்கம் ரயில் ஜன்னலில் பார்த்த பாறை முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீவினேன். பிளைவுட் தளத்தில் கம்பி வலை கட்டிப் பேப்பர் ஒட்டிச் செய்த மலையில் அந்த நேர்த்தி வரவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். தனி ஃபோம் பலகையில் விளிம்பு அடிபட்டால் பள்ளம் விழும். திருகு பிடிக்காது, அதனால் இணைப்புப் போல்ட்டும், தடம் மாற்றும் பாயின்ட் மோட்டாரும் பிளைவுட் துண்டில்தான் நிற்கும். ரயில் ஓடும்போது தம்பட்டம் போல ஓசை எழும். தண்டவாளத்துக்குக் கீழே கார்க் போட்டாலும் முழுக்க அடங்காது. பசையில் கவனம் வேண்டும். தோல் செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை ஃபோமைக் கரைத்துவிடும். நான் தடவிய இடத்தில் இரண்டு நிமிடத்தில் கட்டைவிரல் நுழையும் குழி விழுந்தது. வெள்ளை ஃபெவிகால் கரைக்காது, ஆனால் இரண்டு ஃபோம் அடுக்குக்கு நடுவே காற்று புகாததால் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஃபோமுக்கு ஃபோம் ஒட்ட பாலியூரிதேன் பசை, ஃபோமுக்கு மரம் ஒட்ட ஃபெவிகால் என்று பிரித்துக்கொண்டேன். சூட்டுக் கம்பியால் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. தீக்கும் இது எளிதில் இரையாகும். சால்டரிங் அயனை ஃபோம்மேல் சாய்த்துவைக்காதீர்கள்.

வெறும் ஃபோமையே அடிப்பலகையாக வைத்துக்கொள்ளலாமா? ஒரே ஒரு பலகை, அதுவும் மேசைமேல்தான் வைக்கப்போகிறோம் என்றால் தாராளமாக வைக்கலாம். சுற்றிலும் 4 மி.மீ. பிளைவுட் பட்டி ஒட்டிவிட்டால் ஒன்றேகால் கிலோவில் வேலை முடிந்தது. இரண்டு பலகை சேரும் இடம் என்று வந்துவிட்டால் இது போதாது.

மெல்லிய பிளைவுட் கர்டர்

நான் முடிவாக எடுத்தது இதையும் ஃபோமையும் சேர்த்த ஒரு கலவை. அதற்குக் காரணமான கணக்கைச் சொல்கிறேன்.

50 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள பிளைவுட் பட்டையைப் படுக்கவைத்து இரண்டு முனையிலும் தாங்கினால் நடுவில் தொய்யும். அதே அளவு மரத்தை 6 மி.மீ. தடிமன், 100 மி.மீ. உயரமாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். மரத்தின் எடை ஒன்றுதான், ஆனால் வளையாத தன்மை ஏறக்குறைய 70 மடங்கு. உயரம் கூடக்கூட விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதே காரணம். 75 மி.மீ. உயரத்தை 100 ஆக்கினாலே இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு வந்துவிடும். தடித்த மேல்தளத்தில் நாம் போடும் மரம் தப்பான இடத்தில் படுத்துக்கிடக்கிறது. அதை எடுத்து ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால் பாதி எடையில் அதைவிட விறைப்பான பலகை கிடைக்கும்.

இன்னும் பெரிய லேஅவுட்டுகளில் இரண்டு 4 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே அங்கங்கே மரக்கட்டை வைத்து ஒட்டிச் செய்வார்கள். அது பக்கவாட்டிலும் வளையாது. 95 செ.மீ. நீளத்துக்கு ஒற்றை 6 மி.மீ. பட்டையே போதும் என்று கண்டேன். சுற்றுப் பட்டைகள், இரண்டு குறுக்குப் பட்டைகள், மூலைக்கட்டைகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ. பட்டையின் மேல்விளிம்பை மலையின் சரிவுக்கே வெட்டினேன். பாலம் வரும் இடத்தில் பட்டை தாழ்கிறது, மலை ஏறும் பக்கம் உயர்கிறது. மேல்தளம் போடவில்லை. சட்டத்துக்குள் 50 மி.மீ. ஃபோமை நெருக்கமாக அமுக்கி நான்கு பக்கமும் ஒட்டினேன், அதன்மேல் மலை அடுக்குகள். தண்டவாளம் போகும் வழியில் மட்டும் ஃபோமுக்கு மேல் 4 மி.மீ. பிளைவுட் நாடா. இரண்டு பலகையும் தலா மூன்று கிலோவுக்குள் அடங்கின. பாறை, செடி, பாலம், வயர் எல்லாம் ஏறிய பின் நாலரை கிலோ.

பிளைவுட் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 6 மி.மீ. தடிமனில் மூன்று அடுக்குப் பலகையும் கிடைக்கும், ஐந்து அடுக்குப் பலகையும் கிடைக்கும். விளிம்பை எண்ணிப் பார்த்து ஐந்து அடுக்கையே கேளுங்கள், முறுக்கு குறையும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பலகை ஈரத்துக்கு நல்லது, ஆனால் எடை கூடுதல். ஐஎஸ் 303-ல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகத்தை வாங்கி, வெட்டியவுடன் எல்லா விளிம்புக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். ஈரம் அதிகம் நுழைவது பலகையின் முகத்தைவிட அறுத்த விளிம்பு வழியாகத்தான்.

ஃபோம் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேல்தளம் இல்லாத வெறும் சட்டத்தை எதிரெதிர் மூலையில் பிடித்துத் திருகினால் முறுக்கும், தீப்பெட்டியின் மேலுறையை அமுக்கினால் சாய்வது போல. உள்ளே ஃபோம் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டபின் அந்த அசைவு நின்றுவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் சட்டம் சரியான தட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முறுக்கிய நிலையில் ஒட்டினால் அந்த முறுக்கை ஃபோம் என்றென்றைக்கும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆசாரி. சட்டத்தைத் தரையில் வைத்து நான் ஒட்டத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, “சார், மொசைக் தரையை நம்பாதீங்க, அது எங்கயாவது ஏறி இறங்கும். சமையல்கட்டு கிரானைட் மேல வைங்க” என்றார். “ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டேனே அண்ணே” என்றேன். “ரசமட்டம் ஒரு பக்கந்தான் சொல்லும், முறுக்கு சொல்லாது” என்று சொல்லி, இரண்டு நேரான பட்டைகளை எடுத்துச் சட்டத்தின் இரு முனையிலும் குறுக்காக வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்பட்டையின் விளிம்புக்கு மேல் பின்பட்டையின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கம் பின்பட்டை ஒரு நூல் அளவு எட்டிப் பார்த்தது. பின்பக்கத்து இடது மூலைக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு மறுபடி பார்த்தோம். இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று மறைத்தன. அதன்பிறகுதான் பசையைத் தடவினோம். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றுதானா என்றும் பார்த்தார். கிரானைட் மேடையை அன்று இரவு முழுக்க எனக்கு விட்டுக்கொடுத்தது என் மனைவியின் பெருந்தன்மை.

இணைப்பு

எடைக்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது இணைப்புக்குச் செலவிடுங்கள். எந்தப் பொருளில் செய்தாலும், இரண்டு அடிப்பலகைகள் சேரும் இடத்தில் நிற்கும் முனைப் பலகை மட்டும் 12 மி.மீ. நல்ல பிளைவுட்டாக இருக்கட்டும். என் இரண்டாவது பலகையின் கால்கள் முதல் பலகையைவிட 7.6 செ.மீ. உயரம். அதனால் முனைப் பலகைகள் முழுக்க ஒட்டுவதில்லை, ஐந்து செ.மீ. சொச்சம் மட்டும் மேற்படிகின்றன. அந்தப் பட்டைக்குள் இரண்டு பித்தளை டவல் பின்னும் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் முளை) விங் நட்டு போட்ட இரண்டு எட்டு மி.மீ. போல்ட்டும் இடம்பிடிக்க வேண்டும்.

சேர்க்கும் முறைகளில் நான் பார்த்தவை மூன்று. வெறும் போல்ட்: துளை எப்போதும் போல்ட்டைவிட அரை மி.மீ. பெரிதாக இருக்கும், அந்த அரை மி.மீ. போதும் தண்டவாளம் விலக. கீலின் ஆணியை உருவி இரு பாதியையும் இரு பலகையில் பொருத்துவது: நல்ல மலிவான வழி, வேகமாகவும் கழற்றலாம், ஆனால் கீல் தேயத் தேயத் துல்லியம் போகும். பித்தளை டவல் பின்: ஒரு பலகையில் ஆண், மறுபலகையில் பெண், நெருக்கமாகப் பொருந்தும். டவல் இடத்தைத் தீர்மானிக்கும், போல்ட் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு வேலையையும் ஒரே போல்ட்டிடம் கொடுக்கக் கூடாது. இரண்டு முனைப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரே துளையாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சட்டத்தில் ஒட்டினால் வேலை எளிது. சட்டத்தில் ஒட்டிவிட்டு அளந்து துளையிட்டுத்தான் என் முதல் ஜோடியைக் கெடுத்தேன்.

தண்டவாள முனைகளைச் செம்புப் படலம் உள்ள பிசிபி (மின்சுற்று அட்டை) துண்டுகளில் சால்டர் வைத்து, பலகைகள் இணைந்த நிலையிலேயே மெல்லிய வட்டத் தகட்டால் அறுத்தேன். பற்சட்டத்தையும் அதே வெட்டில் அறுக்க வேண்டும், பல்லின் நடுவே அல்ல, இரண்டு பல்லுக்கு இடையே. மழைக்காலத்தில் பலகை அரை நூல் நகர்ந்தாலும் பல்லுக்குள் பல் இறங்க இடமிருக்கும்.

கால்கள்

25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், 1.5 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 380 கிராம். ஒரு மீட்டர் நீளத்தில் நான்கு கால் ஒன்றரை கிலோ. ரீப்பரில் செய்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. முதல் பலகைக்கு நான்கு, இரண்டாவது பலகைக்கு வெளிமுனையில் இரண்டு மட்டும். இன்னொரு முனை முதல் பலகையில் தொற்றிக்கொள்ளும். காலின் அடியில் திருகி உயர்த்தும் எட்டு மி.மீ. போல்ட் அவசியம், எந்த வீட்டுத் தரையும் மட்டமாக இருப்பதில்லை.

பார்க்கும் உயரம் ஒரு தனி விஷயம். ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து இணைத்து ஓட்டும் அமெரிக்க ஃப்ரீமோ குழுக்கள் தண்டவாளத்தை 50 அங்குல உயரத்தில் வைக்கின்றன. மலை ரயிலுக்கு அது அழகு. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் நின்று பாலத்தைப் பார்ப்பது போல இருக்கும். ஆனால் அக்காவின் சின்னவளுக்கு ஆறு வயது. ஒரு மீட்டர் உயரமே போதும் என்று வைத்தேன்.

கால் செய்யவே நேரமில்லை, பலகை செய்யவும் இடமில்லை என்பவர்கள் டி-டிராக் முறையைப் பார்க்கலாம். ‘என்’ (N) எனப்படும் சிறிய அளவில், 9 மி.மீ. தண்டவாளத்தில், ஒரு பெட்டி சுமார் 31 செ.மீ. நீளம். மண்டபத்தில் சாப்பாடு பரிமாறும் மடக்கு மேசையில் வரிசையாக வைத்து, ஒட்டித்தள்ளினாலே தண்டவாளங்கள் கவ்விக்கொள்ளும். ஒவ்வொருவரும் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்து சேர்க்கலாம். நவராத்திரி கொலுவில் பூங்கா வைத்து ரயில் ஓடவிடும் வீட்டுக்கும் இது நன்றாகப் பொருந்தும். தட்டையான ஊர்களுக்கான முறை இது. 12.5-க்கு ஒன்று ஏறும் பாதைக்கு உதவாது.

ஆக, என் கையில் பணம் கொடுத்து ஒருவர் கேட்டால் இப்படிச் சொல்வேன். அறையை விட்டு நகராத லேஅவுட் என்றால் உலர்ந்த ரீப்பரும் தடித்த பிளைவுட்டும். மேசைமேல் வைக்கும் ஒற்றைப் பலகை என்றால் ஓரம் கட்டிய ஃபோம். பலர் சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டுபோவது என்றால் அலுமினியம். ஒரே ஆள், ரயிலில், இரண்டு மூன்று பலகை என்றால் 6 மி.மீ. கர்டருக்குள் ஃபோம். மலையோ ஆறோ இல்லாத சமவெளி நிலையம் என்றாலும் இந்தக் கடைசி முறையை மாற்றச் சொல்ல மாட்டேன், ஃபோமுக்குப் பதில் மேலே 4 மி.மீ. பிளைவுட் தளம் ஒட்டினால் இரண்டரை கிலோவில் முடியும்.

போன மாதம் இரண்டு பலகைகளையும் கோவைக்குக் கொண்டுபோனேன். கால்கள் ஒரு கட்டாக, எஞ்சினும் பெட்டிகளும் ஒரு பையில். பலகை ஒவ்வொன்றும் ஒரு துணி உறைக்குள். கீழ் பெர்த்துக்கு அடியில் இரண்டும் அருகருகே படுத்தன. அக்கா வீட்டுக் கூடத்தில் எடுத்து நிறுத்தக் கால் மணி நேரம் பிடித்தது. எஞ்சின் மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இணைப்பைக் கடந்தது, மூன்றாவது பெட்டி சாயவில்லை.

அடுத்தது குன்னூர் நிலையம். பற்சட்டம் முடிந்து, ரயில் திசை மாறி உதகைக்குக் கிளம்பும் இடம். அது தட்டை, அதனால் 4 மி.மீ. பிளைவுட் தளம் போதும். பட்டைகளை அறுக்க ஆசாரியிடம் அளவு கொடுத்தாயிற்று. முனைப் பலகையை மட்டும் அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பலகையின் முனையோடு சேர்த்து இறுக்கி, அந்தத் துளைகளை நானே போட வேண்டும்.